எங்கள் வீட்டில் ஏழ்மை படித்த பத்து நாள்

ஏழ்மை எனக்குப் பாடமாக வந்தது பி.ஏ. இரண்டாம் ஆண்டில்தான். அதுவரைக்கும் அது எங்கள் வீட்டு விஷயமாக இருந்தது.

சென்னையில் நான் படித்த கல்லூரியில் 'வறுமையும் சமூக நீதியும்' என்று ஒரு தாள் உண்டு. மூன்று மாதம் வகுப்பில் கரும்பலகை நிறைய வட்டம் போட்டு அம்புக்குறி இழுத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். அப்புறம் பத்து நாள் களம். ஒரு ஏழைக் குடும்பத்தோடு தங்க வேண்டும். அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, அவர்கள் படுக்கிற இடத்தில் படுத்து, அவர்கள் வேலையில் பங்கெடுத்து, சாயங்காலம் ஒரு நோட்டில் 'இன்று என்னைத் தொந்தரவு செய்தது எது?' என்று எழுத வேண்டும். தொந்தரவு ஆகாதவனுக்குப் பட்டம் கிடையாது.

போவதற்கு முன்னால் விதிமுறைத் தாள் ஒன்று கொடுத்தார்கள். கைக்கடிகாரம் கூடாது. பாட்டில் தண்ணீர் கேட்கக் கூடாது. பரிசுப் பொருள் கொடுத்து வீட்டுக்காரர்களின் தன்மானத்தைக் கெடுக்கக் கூடாது. எளிய உடை அணிய வேண்டும். இந்தக் கடைசி விதிக்காக வகுப்பில் பாதிப் பேர் தி.நகருக்குப் போய் ஏழைத் துணி வாங்கிவந்தார்கள். என்னிடம் அது ஏற்கெனவே இருந்தது. ஆனால் காட்டிக்கொள்ள முடியாதே! நானும் கூடவே போய் ஒரு கைலி வாங்கினேன்.

காட்டிக்கொள்ள முடியாததற்குக் காரணம், அந்த ஹாஸ்டலில் நான் ஒரு பணக்காரன்.

முதல் வருஷம் முதல் நாள், ரூமில் உட்கார்ந்து ஒவ்வொருவனும் தன் அப்பாவைப் பற்றிச் சொன்னான். ஒருவன் அப்பா டாக்டர், இன்னொருவன் அப்பாவுக்குக் கப்பல் கம்பெனியில் வேலை. என் முறை வந்தபோது வாய் தானாகத் திறந்து, "சில்க் பிசினஸ்" என்றது. பொய்யென்று அடித்துச் சொல்ல முடியாது. நைனா காலையிலிருந்து சாயங்காலம்வரை தொட்டதெல்லாம் பட்டுதான்.

"ஷோரூமா?"

"ஆமா."

"எங்க?"

"வேலூர்ல." காஞ்சிபுரம் என்றால் இரண்டு மணி நேர பஸ், பயல்கள் நேரே வந்துவிடுவார்கள் என்கிற முன்யோசனை.

"ஒண்ணா, ரெண்டா?"

இதைக் கேட்காமலிருந்தால் ஒன்றோடு நிறுத்தியிருப்பேன். கேட்டதால் இரண்டு. அடுத்த ஒன்றரை வருஷம் அந்த இரண்டு ஷோரூமையும் நான்தான் கட்டி மேய்த்தேன். தீபாவளிக்குக் கூட்டம் எப்படி என்று கேட்பார்கள். பெரிய ஷோரூமில் ஏ.சி. ரிப்பேர், கஸ்டமரெல்லாம் சிரமப்பட்டுவிட்டார்கள் என்று உண்மையாகவே வருத்தப்பட்டுச் சொன்னேன்.

களத்துக்கு எந்த ஊர், எந்த வீடு என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். மாகறல் பக்கம் விவசாயக் கூலிக்காரர் வீடுகள், திருப்புட்குழியில் அதே மாதிரி இன்னும் சில, காஞ்சிபுரத்தில் நெசவாளர் வீடுகள் ஆறு. ஆறாவது பெயர் என் நைனாவுடையது. தொழில்: கூலி நெசவு. குடும்ப உறுப்பினர்கள்: நான்கு. நான்காவது உறுப்பினர் நோட்டீஸ் போர்டுக்கு முன்னால் நின்று வியர்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் தெரு முனை எஸ்.டி.டி. பூத்துக்கு போன் போட்டு அக்காவைக் கூப்பிடச் சொன்னேன். மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"நைனா இன்னாத்துக்குக்கா பேரு கொடுத்தாரு?"

"சேவை சங்கத்து ஆளு தெருவுல வந்து கேட்டாருடா. உன் காலேஜு பேரைச் சொன்னாரு. அவ்ளோதான், நைனாவுக்குத் தலைகால் புரியல. எம்புள்ள மாதிரி பசங்கதானே, வரட்டும், வயிறார சோறு போடலாம்னு கொடுத்துட்டாரு."

"எம்புள்ளயும் அங்கதான் படிக்கிறான்னு சொல்லிட்டாரா?"

"சொல்றதுக்குள்ள அந்தாளு அடுத்த வூட்டுக்குப் போயிட்டாரு."

தப்பிக்க ஒரே ஒரு வழி தெரிந்தது. அந்த வீட்டுக்கு வேறு யாராவது போனால் சுவரில் மாட்டியிருக்கும் என் போட்டோவைப் பார்ப்பார்கள். நானே போய்விட்டால் காவல் காக்கலாம். சீட்டுக் குலுக்கலில் எனக்கு மாகறல் விழுந்திருந்தது. ஒரு சினிமா டிக்கெட் கொடுத்து, அதை எங்கள் வீட்டுச் சீட்டோடு மாற்றிக்கொண்டேன். கூட வருகிறவன் அண்ணா நகர்க்காரன், என் ரூம்மேட். கப்பல் கம்பெனி அப்பா அவனுடையவர்தான்.

வீட்டுக்கு நான் சொன்ன கதை வேறு. "காலேஜ் ரூல்ஸுக்கா. சொந்த வூட்டுக்குப் போனேன்னு தெரிஞ்சா ஃபெயில் பண்ணிடுவாங்க. அதனால என்னைத் தெரியாத மாதிரி இருக்கணும். போட்டோவைக் கழட்டிடு. தெருவுலயும் சொல்லிடு."

"அப்ப நீ யாருன்னு சொல்றது?"

"யாரோ காலேஜ் பையன்னு சொல்லு."

"யாரோவா?"

"பத்து நாள்தாங்கா."

"இன்னா எழவு படிப்புடா இது," என்றாள். அப்புறம் குரல் மாறியது. "வா. ஆனா தறிகிட்ட மட்டும் உங்க காலேஜு கூத்து வேணாம். ஓடுறது என் புடவை."

அதை நான் மறந்திருந்தேன். எங்கள் ஆட்களில், தாலி கட்டும்போது மாப்பிள்ளை வீட்டுப் புடவை; ஆனால் முதல் நாள் சாயங்காலம் பெண்ணழைப்புக்குக் கட்டுவது பெண் வீட்டுத் தறியில் இறங்கியதாக இருக்க வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் நெசவாளர்கள்தான். பெண்ணின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முந்தானையைத் திருப்பி உள்பக்கம் பார்ப்பார்கள். தறியில் ஏற்றுகிற ஒரு பாவு நூலில் மூன்று புடவை வரும். வருஷக்கணக்காக மற்றவர்களுக்கே நெய்த நைனா, இந்தப் பாவில் மூன்றாவதை மகளுக்கு வைத்துக்கொள்ள முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கியிருந்தார். அரக்கு உடல், மாம்பழ மஞ்சள் கரை. அக்காவே தேர்ந்தெடுத்தது.

உடலும் கரையும் வேறு நிறமென்றால் தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். கரை நூலும் உடல் நூலும் சந்திக்கிற இடத்தில், ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும்படி ஒவ்வொரு இழைக்கும் கோத்துவிட வேண்டும். கோர்வை என்று பெயர். இத்தனை இழைக்கு உள்ளே, இத்தனை இழைக்கு வெளியே என்று கணக்கு. கணக்கு சரியாக இருந்தால் சேருமிடம் ரம்பத்தின் பல் மாதிரி வரிசையாக வரும். இடப்பக்கம் நைனா, வலப்பக்கம் அக்கா. எட்டாவது வகுப்போடு அவள் அந்த இடத்துக்கு வந்தாள். அவள் அங்கே உட்கார்ந்ததால்தான் நான் காலேஜில் போய் உட்கார முடிந்தது. லீவுக்கு வந்தால் அவளை எழுப்பிவிட்டு நான் போடுவேன். தூக்கத்தில்கூடப் போடுவேன்.

நாங்கள் போய் இறங்கிய அன்று தெருவே தயாராக இருந்தது. எதிர்வீட்டு அத்தை, எனக்கு ஜட்டி போட்டுவிட்ட கை, வாசலுக்கே வந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள்: "இன்னா சார், எந்த ஊரு? காஞ்சிபுரம் இதுக்கு மின்ன பாத்துக்கிறீங்களா?"

"இல்லீங்க," என்றேன்.

"ஐயோ பாவம்! ஒரே வெயிலா இருக்கும் சார். கோயில் ஜாஸ்தி. சுத்திக் காட்டச் சொல்றேன்."

பக்கத்து வீட்டு மாமா என்னைப் பார்த்துப் பெரிதாகக் கும்பிட்டார். போன தீபாவளிக்குத்தான் அவர் வீட்டுச் சட்டியில் பட்டாசு வைத்துவிட்டு ஓடி, அவர் கையால் முதுகில் வாங்கியிருந்தேன். இந்த ஏற்பாட்டைத் தெரு நாயிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. அது நேரே வந்து என் காலைச் சுற்றிப் புரண்டது.

"மச்சி, நாய்க்கு உன்ன அவ்ளோ பிடிச்சுப்போச்சுடா," என்றான் அண்ணா நகர்க்காரன்.

உள்ளே போனதும் அவன் கண் சுவருக்குப் போனது. என் பத்தாவது வகுப்பு பரிசளிப்புப் போட்டோ இருந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. "ஆன்ட்டி, இங்க ஏதோ மாட்டியிருந்த மாதிரி இருக்கே?"

அம்மா என்னைப் பார்க்காமல், "சாமி படம்பா. கண்ணாடி ஒடைஞ்சிடுச்சு," என்றாள். என்னை யாரும் அதற்கு முன்னாலும் பின்னாலும் சாமி என்று சொன்னதில்லை.

முதல் மூன்று நாள், சத்தியமாகச் சொல்கிறேன், எங்கள் வீட்டில் அவ்வளவு சிரிப்பு இருந்ததில்லை. அம்மா விருந்தாளிக்கு என்று வைத்திருந்த எவர்சில்வர் டம்ளரில் எனக்குக் காப்பி கொடுத்தாள். பத்தொன்பது வருஷத்தில் அந்த டம்ளர் என் வாயில் பட்டது அப்போதுதான். "சாருக்கு இன்னும் ரெண்டு கரண்டி ரசம்?" என்று கேட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரிப்பாள். நைனாவுக்கு நடிப்பு வராது என்று நினைத்திருந்தேன். அவர்தான் எங்கள் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டார். "சார், வெந்நீர் போட்டுக்கிறேன், குளிச்சிடுங்க. சார், எங்க வூட்டு சாப்பாடு ஒத்துக்குதுங்களா?" எனக்குத் துண்டு எடுத்துக் கொடுக்கும்போது கண்ணைச் சிமிட்டினார்.

அண்ணா நகர்க்காரன் நல்ல பையன். இதை நான் மனசாரச் சொல்ல வேண்டும். ஒரு ஃபேனுக்குக் கீழே ஐந்து பேர் படுப்பதைப் பார்த்து முதல் நாளே அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. நோட்டில் மூன்று பக்கம் தொந்தரவு எழுதினான். நான் அரைப் பக்கம்கூட எழுத முடியாமல் அவனைப் பார்த்துக் காப்பி அடித்தேன். எங்கள் வீட்டு ஏழ்மையை அண்ணா நகர்க்காரனைப் பார்த்துக் காப்பி அடித்தேன்.

நான்காம் நாள் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்திருந்தோம். அவன் நைனாவை உற்சாகப்படுத்த நினைத்தான். அவ்வளவுதான் அவன் தப்பு.

"அங்கிள், இவனும் உங்க லைன்தான். இவன் அப்பாவுக்கு வேலூர்ல சில்க் ஷோரூம். ரெண்டு இருக்கு."

அம்மாவின் கரண்டி குழம்பிலேயே நின்றது. அக்கா என்னைப் பார்த்தாள். நைனா மட்டும் சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"அப்படிங்களா சார்? ரெண்டா?"

நான் அப்பளத்தை உடைத்துக்கொண்டிருந்தேன். ஒரு அப்பளத்தை அத்தனை துண்டாக உடைக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"ஒண்ணுல ஏ.சி. கூட இருக்கு அங்கிள். ஃபுல் ஏ.சி."

"நல்லா இருக்கட்டும்," என்றார் நைனா. "அவ்ளோ பெரிய மனுசன் புள்ள நம்ம வூட்டுத் தரையில உக்காந்து சாப்புடுதுன்னா, நமக்குத்தான் பெருமை."

காலேஜ் ரூல்ஸ் என்ற என் கதை அந்த இடத்தில் செத்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது அடித்துவிட்டிருப்பேன், எனக்கு அதில் நல்ல பழக்கம். மறுநாள் காலையில் குழாயடியில் அக்காதான் வாயைத் திறந்தாள்.

"வேலூர்ல எல்லாரும் சௌக்கியங்களா சார்?"

"அக்கா..."

"ஏ.சி. ஓடுதுங்களா? இல்ல, இன்னும் ரிப்பேரா?" அந்த மடையன் அதையும் சொல்லியிருக்கிறான். குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "நைனா ராத்திரி பூரா தூங்கல. ஒரே ஒரு தரம் கேட்டாரு, வேலூர்க்காரர் பாக்க எப்படி இருப்பாருன்னு."

அன்றைக்கும் நைனா "சார், வெந்நீர் ரெடி" என்றார். சொற்கள் அதேதான். கண்ணைச் சிமிட்டவில்லை.

ஆறாம் நாள் அக்காவுக்குக் காய்ச்சல். பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு, ஒரு வாரம் தறிப் பக்கம் போகக் கூடாது என்றுவிட்டார்கள். புடவை பாதியில் நின்றது. பெண்ணழைப்புக்கு மூன்று வாரம்கூட இல்லை. அதற்குள் தறியை விட்டுவிட வேண்டும், முதலாளியின் அடுத்த பாவு வந்து இறங்கியிருந்தது. கோர்வைக்கு ஆள் இல்லாமல் நைனா தனியாக ஒரு இழை போட முடியாது. தெருவில் கேட்டுப் பார்த்தார். முகூர்த்த மாசம், அவரவர் தறியில் அவரவர். வீட்டுக்குள்ளேயே ஒரு கோர்வைக்காரன் எவர்சில்வர் டம்ளரில் காப்பி குடித்துக்கொண்டிருந்தான். நைனா என்னைக் கேட்கவில்லை. நானும் எழுந்து போகவில்லை. அண்ணா நகர்க்காரன் பக்கத்தில் உட்கார்ந்து, "பாவம்டா, நம்மால எதுவும் செய்ய முடியலயே," என்றான்.

"ஆமாடா," என்றேன்.

மறுநாள் பேராசிரியர் பார்வையிட வந்தார். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, கழுத்தில் கேமரா. நல்ல மனிதர். ஏழைகளைப் பற்றிப் பேசும்போது குரல் தழுதழுத்துவிடும், அது நடிப்பில்லை. தறி நிற்பதைப் பார்த்து விசாரித்தார். காரணம் சொன்னார்கள்.

"ரெண்டு வாலிபப் பசங்க சும்மாதானே இருக்காங்க! உழைப்புல பங்கெடுக்கறதுதான் நம்ம பாடத்துல முக்கியம். உட்காருங்கப்பா. ஐயா, நீங்க சொல்லிக்கொடுங்க."

நைனா தயங்கினார். உள்ளே பாயில் படுத்திருந்த அக்கா தலையைத் தூக்கிப் பார்த்தாள். ஆனால் வீட்டுக்கு வந்த வாத்தியாரிடம் முடியாது என்று சொல்ல நைனாவுக்கு வாய் வராது.

முதலில் அண்ணா நகர்க்காரன். நூலை இழுத்துக்கொண்டு ஓடுகிற நாடா கைதவறித் தறிக்குழிக்குள் விழுந்து, அதை எடுக்கக் குனிந்தவன் தலையும் குழிக்குள் போனது. எல்லோரும் சிரித்தோம். ஒரு இழைகூட விழவில்லை. அப்புறம் நான்.

குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்தேன். அக்காவின் உட்காரு பலகை, லீவு நாளில் என்னுடையது. நைனாவின் தோள் என் தோளில் இடித்தது. சத்தமாக, "பயப்படாதீங்க சார், நான் சொல்ற மாதிரி போடுங்க, தப்பே வராது," என்றார். பிறகு நூலைச் சரிசெய்கிற மாதிரி என் பக்கம் சாய்ந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "உங்க அக்கா புடவைடா," என்றார்.

அதில் இருந்தது எனக்குப் புரிந்தது. ஷோரூமெல்லாம் போகட்டும், வாத்தியாரிடம் சீக்கிரம் கற்றுக்கொள்கிற பையன் என்று பெயர் வாங்கு, இந்த வாரம் பூரா இங்கேயே உட்கார், புடவையை முடித்துவிடலாம் என்றுதான் அந்தக் கிழவர் சொன்னார். என் பொய்க்கு அவரே ஒரு கதவு திறந்து வைத்தார்.

நைனா மிதித்தார். நாடா வந்தது. கை தானாகப் பிடித்தது, கோத்தது, திருப்பி அனுப்பியது. இரண்டு, மூன்று, நான்கு இழை. பல் அழகாக எழுந்தது.

"மச்சி, செம! எப்படிடா வருது உனக்கு?" என்றான் அண்ணா நகர்க்காரன்.

பேராசிரியர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கிட்டே வந்து குனிந்தார். "முன்னாடியே பழக்கம் இருக்காப்பா?"

"இல்ல சார்," என்றேன்.

வாயால் சொன்னால் போதாதென்று கையாலும் சொன்னேன். அடுத்த இழையில் உள்ளே போக வேண்டியதை வெளியே விட்டேன். அதற்கடுத்ததை இரண்டு தரம் கோத்தேன். நைனா ஒரு கணம், இழையை அடித்து இறுக்குகிற பலகையைப் பிடித்தபடி இருந்தார். நிறுத்துவார் என்று நினைத்தேன். நிறுத்தவில்லை. அடித்தார். நான் தப்பாகப் போடப் போட, ஒவ்வொன்றையும் அவர் பலகையால் அடித்து இறுக்கிக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்த சாரை எப்படி நிறுத்துவது?

ஃபிளாஷ் மின்னியது. பேராசிரியர் படம் எடுத்துவிட்டார்.

"சார், போதுங்களா? இத்த பிரிச்சிடறேன்," என்று நைனா நூலில் கை வைத்தார்.

"வேண்டாங்கய்யா!" பேராசிரியர் அவர் கையைப் பிடித்தேவிட்டார். கண் பளபளத்தது. "பிரிக்காதீங்க. இந்தப் புடவையில எங்க பையனோட உழைப்பும் கொஞ்சம் இருக்கட்டும். இந்தக் கோணல்தான் அழகு. நீங்க மேல நெய்ங்க, நாங்க பாக்கணும்."

சேவை சங்கத்து ஆள் ஓடிப்போய் எங்கிருந்தோ ஒரு கோர்வைக்காரரை ஒரு மணி நேரத்துக்குக் கூட்டிவந்தார். சார் பார்ப்பதற்காக நைனா மேலே நெய்தார். அவர்கள் போன பிறகு பிரிக்க முடியாது. ஒரு மணி நேரம் அடித்து இறுக்கிய கரை ஜரிகையைப் பின்னுக்குப் பிரித்தால் மேல் தகடு உரிந்து நூல் வெளியே வந்துவிடும். மாற்றிப் போட வேறு ஜரிகை கிடையாது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பார்த்தாள். விரலால் தடவினாள். முந்தியிலிருந்து முழம் போட்டு அளந்தாள்.

"இடுப்புல வருது," என்றாள். "முன்னாடி."

போய்ப் படுத்துக்கொண்டாள். மூன்றாம் நாள், காய்ச்சல் முழுசாக விடும் முன்னரே, அவளே வந்து அவள் இடத்தில் உட்கார்ந்தாள்.

பத்தாம் நாள் நைனா எங்களை வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுவரை வந்தார். என் பையை அவரே தூக்கிவந்தார், கேட்டும் கொடுக்கவில்லை. அண்ணா நகர்க்காரன் பிஸ்கட் வாங்கப் போனான். பத்து நாளில் முதல் தடவையாக நானும் அவரும் மட்டும் நின்றோம். சுற்றி எங்களைத் தெரிந்தவர் யாருமில்லை. இப்போதாவது திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் காலில் விழுந்துவிடலாம் என்று கூட ஒரு கணக்கு வைத்திருந்தேன்.

நைனா பஸ்ஸின் போர்டைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"புச்சா உக்கார்றவனுக்குக் கை தப்பும். கணக்குத் தப்பாது. பயத்துல ஒண்ணு, ரெண்டுன்னு வாய்விட்டு எண்ணிக்கினே போடுவான். நூலு தொளதொளன்னு இருக்கும், ஆனா எண்ணிக்கை சரியா இருக்கும்." பையை என் கையில் கொடுத்தார். "உங்களுக்கு நூலு கும்முனு இருந்துச்சு. எண்ணிக்கைதான் தப்பு. எந்த நெசவுக்காரன் பாத்தாலும் கண்டுபுடிச்சிடுவான், வேணும்னே போட்டதுன்னு."

"நைனா..."

"பஸ்ஸு எடுத்துட்டான். ஏறிக்குங்க சார்."

பக்கத்தில் ஆள் இல்லாதபோதும் அவர் அப்படிச் சொன்னார். தறியில் சொன்ன அந்த 'டா'வுக்குப் பிறகு அவர் வாயிலிருந்து எனக்கு இன்னொன்று வரவில்லை. ஃபோன் செய்தால் 'சொல்லுங்க' என்பார்.

கல்லூரியில் எனக்கு 'ஏ' கொடுத்தார்கள். என் அறிக்கையில் ஆழமான பங்கேற்பு தெரிகிறதாம். அதில் என் அக்காவை 'வீட்டுக்காரரின் மகள், எட்டாம் வகுப்புவரை படித்தவர், பேச்சில் ஒருவிதக் கசப்பு' என்று எழுதியிருந்தேன். நான் தறியில் உட்கார்ந்திருக்கும் படம் நோட்டீஸ் போர்டில் ஒரு வருஷம் தொங்கியது. கீழே 'உழைப்பில் பங்கு' என்று கொட்டை எழுத்து. அண்ணா நகர்க்காரனுக்கு 'பி'. அவன் அறிக்கையை ஒரு நாள் எடுத்துப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: 'இந்தக் குடும்பத்துக்கு ஒரு மகன் இருந்து இறந்துபோயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். சுவரில் போட்டோ இருந்த இடம் வெள்ளையாக இருக்கிறது. கேட்டால் அம்மா பேச்சை மாற்றுகிறார். உறுப்பினர் நான்கு என்று பட்டியலில் உள்ளது, வீட்டில் மூன்று பேர்தான். நான் மேலே கேட்டு அவர்களைத் துன்புறுத்தவில்லை.' இதற்குப் பக்கத்தில் பேராசிரியர் சிவப்பு மையில் 'ஊகம் வேண்டாம்' என்று எழுதியிருந்தார். அந்த வகுப்பில் கண்ணைத் திறந்து பார்த்தவன் அவன் ஒருத்தன்தான், அவனுக்குத்தான் மார்க் போயிற்று.

பெண்ணழைப்புக்கு முந்தின நாள்தான் ஊருக்குப் போனேன். ஹாஸ்டலில் யாரையும் கூப்பிடவில்லை. வேலூரில் ஒரு ஷோரூமில் ஸ்டாக் எடுக்கிறோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சுவரில் அந்தச் சதுரம் இன்னும் வெள்ளையாகவே இருந்தது. போட்டோவை எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை.

மறுநாள் சாயங்காலம் மண்டபத்து வாசலில் பன்னீர்ச் செம்போடு நின்றேன். பெண்ணுக்குத் தம்பி என்றால் அந்த வேலைதான். மேளத்தோடு அக்கா வந்து இறங்கினாள். அரக்கும் மாம்பழ மஞ்சளும் சேர்ந்து அந்த விளக்கில் நெருப்பு மாதிரி இருந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் சுற்றிக்கொண்டார்கள். எதிர்பார்த்தபடியே முகத்தைப் பார்க்கவில்லை. ஒருத்தி முந்தானையைத் திருப்பினாள். ஒருத்தி கரையைத் தேய்த்துப் பார்த்தாள். வயசான அத்தை ஒருத்தி, கை விரலெல்லாம் நூலறுத்த காய்ப்பு, கரையை ஓரத்திலிருந்து பிடித்துக்கொண்டே வந்து இடுப்புப் பக்கம் நின்றாள். குனிந்தாள். கட்டை விரலால் இரண்டு தரம் நீவினாள்.

"இன்னாம்மா இது, இங்க மட்டும் பல்லு மாறிக்கிது? நூலு நல்லா இறுக்கமாத்தான் கீது." நிமிர்ந்து பார்த்தாள். "உங்க நைனா கை இப்படிப் போவாதே. கோர்வை யாரு போட்டது?"

சுற்றி நின்றவர்களெல்லாம் குனிந்து பார்த்தார்கள். நைனா சற்றுத் தள்ளி நின்றார். கேட்டிருக்கும். சம்பந்தியிடம் தாம்பூலத்தட்டை நீட்டியபடியே இருந்தார்.

அக்கா இரண்டடி தூரத்தில் நின்ற என்னை ஒரு தரம் பார்த்தாள். தெரியாதவரைப் பார்க்கிற பார்வை. அதை அவளுக்குப் பழக்கிக்கொடுத்தவனே நான்தானே.

"காலேஜுலேர்ந்து ஒரு சார் வந்திருந்தாருங்க," என்றாள். "அவரு போட்டது."

"அடப்பாவமே! பட்டணத்துப் புள்ளக்கி இன்னா தெரியும், வுடு," என்று அந்த அத்தை அவள் கன்னத்தைத் தடவி, சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். நான் பன்னீர்ச் செம்பை அவள் தலைமேல் நன்றாக இரண்டு தரம் உதறினேன்.